மதகு தாண்டினால் வெடி கிடையாது

பாகூர் ரோட்டில் கலைவேந்தன் பந்தல் கடை எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் காட்டும். கல்யாணத்துக்குப் பந்தல், நாற்காலி, சீரியல் லைட். சாவுக்கு ஃப்ரீசர் பெட்டி, பூப்பல்லக்கு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், வெடி. கல்யாணக்காரர்கள் எவ்வளவு செய்தாலும் குறை சொல்லிவிட்டுத்தான் போவார்கள். சாவுக்காரர்கள் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அதனால் எனக்குச் சாவு வேலைதான் பிடிக்கும். இப்படிச் சொன்னால் என் வீட்டுக்காரிக்குக் கோபம் வரும், வரட்டும்.

ஆனால் நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை, என் அக்கா தனக்கொடியைப் பற்றி. அவளைப் பற்றிப் பேசினால் நடுவில் என் வெடி வந்தே தீரும். அதற்காகத்தான் தொழிலை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

அக்காவுக்கு வயது ஐம்பத்து நான்கு. படிப்பு எட்டாவதோடு சரி. நடவு, களையெடுப்பு, அறுப்பு, நூறு நாள் வேலை, எல்லாம் பார்த்தவள். இன்றைக்கு எங்கள் ஏரிக்குப் பறவை பார்க்க வருகிற கார்கள் நேராக அவள் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கின்றன. கழுத்தில் பெரிய பெரிய கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு இறங்குகிறவர்கள், "தனக்கொடி மேடம் இருக்காங்களா?" என்று கேட்கிறார்கள். மேடமாம். முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு முட்டி, குடித்துக்கொண்டிருந்த டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன்.

அவள் பறவை பார்க்க ஆரம்பித்தது பறவை துரத்தத்தான். ஏரிக்குக் கீழே, ஊர்த்தெரு அரங்கநாதனுக்கு எட்டுக் காணி நஞ்சை. ஊர்த்தெரு என்றால் நிலம் வைத்திருப்பவர்கள் தெரு. எங்கள் தெரு, அந்த நிலத்தில் வேலை செய்தவர்கள் தெரு. அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் அரங்கநாதன் அவளைக் காவலுக்கு வைத்தார். கையில் ஒரு தகர டின், ஒரு குச்சி. எது வந்து இறங்கினாலும் டின்னைத் தட்டித் துரத்த வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை வானத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறவளுக்கு எது எப்போது வரும், எது எதைத் தின்னும் என்பதெல்லாம் பிடிபடாமல் இருக்குமா?

இரண்டாவது வருஷமே அவள் வேலையில் கோளாறு செய்ய ஆரம்பித்தாள். நெல் தின்கிற சில்லைக் குருவி வந்தால் டின் சத்தம் ஊரைக் கூட்டும். பெரிய பெரிய நாரைகள் கூட்டமாக வந்து வயலில் இறங்கினால் பேசாமல் குத்த வைத்து உட்கார்ந்திருப்பாள். அரங்கநாதன் கண்ணால் பார்த்துவிட்டார்.

"தூங்குறியா இன்னா நீ? பயிரை எல்லாம் மிதிக்குது பாரு" என்று கத்தினார்.

அக்கா எழுந்தாள். வரப்பு ஓரம் போய், முந்தானையில் எதையோ அள்ளிக்கொண்டு வந்து அவர் காலடியில் கொட்டினாள். எல்லாம் நத்தை ஓடு, உள்ளே சதை இல்லாத காலி ஓடு. "இது நெல்லு திங்கறது இல்லிங்க. உங்க நாத்தை வெட்டுற நத்தைய திங்குது. இத துரத்தணும்னா நத்தைய நீங்கதான் பொறுக்கணும்" என்றாள். அந்த மனுஷன் ஓடுகளைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த நாரையைத் துரத்தச் சொல்லவில்லை. அதன் பெயர் நத்தைக்குத்தி நாரை என்று எங்களுக்குத் தெரிந்தது பிற்பாடுதான். அலகு இரண்டையும் மூடினாலும் நடுவில் சந்து தெரியும். பாக்கு வெட்டி மாதிரி இருக்கும்.

பெயர் சொன்னவர் மஞ்சுளா டீச்சர். புதுச்சேரியிலிருந்து வருஷா வருஷம் தை மாதம் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு நீர்ப்பறவை கணக்கெடுக்க வருவார். முதல் வருஷம் கரையில் நின்று, இருநூறு நாமக்கோழி என்று எழுதிக்கொண்டிருந்தார்களாம். புல் அறுத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து, "அந்தக் கோரைக்குப் பின்னால இருக்கிறத யாரு எண்ணுவாங்க?" என்று கேட்டிருக்கிறாள். டீச்சர் நல்ல மனுஷி. கோபித்துக்கொள்ளாமல், அவளோடு சேற்றில் இறங்கி, கோரைக்குப் பின்னால் போய் எண்ணியிருக்கிறார். அங்கே இன்னும் முந்நூற்றுச் சொச்சம் இருந்தது. மறு வருஷம் வரும்போது ஒரு பழைய பைனாகுலரைக் கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்தார். ஒரு பக்கக் கண்ணாடியில் பூஞ்சை பிடித்து மங்கல். அக்கா ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அதை வைத்தே எல்லாம் பார்த்தாள்.

எழுதி வைக்கிற பழக்கமும் டீச்சர் சொல்லிக் கொடுத்ததுதான். நோட்டு வாங்கித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். அவளுக்கு அகலமான தாள் வேண்டும், ஏரி முழுவதையும் வரைந்து, எந்த மரத்தில் எத்தனை கூடு என்று குறிக்க வேண்டும். என் கடையில் மிஞ்சிப்போன கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களை அள்ளிக்கொண்டு போனாள். அவள் வீட்டுச் சுவரில் தொங்குகிற தாளைத் திருப்பிப் பாருங்கள், ஒரு பக்கம் செத்துப்போன பெரியவர் மீசையை முறுக்கிக்கொண்டிருப்பார், அந்தப் பக்கம் கூழைக்கடா பதினாலு கூடு, நீர்க்காகம் முப்பத்திரண்டு கூடு. நான் கேலி பண்ணாத நாள் கிடையாது.

அவள் வீட்டுக்காரர், என் மாமா சாமிக்கண்ணு, அதைவிட வேடிக்கை. அவருக்குக் காக்காய், கோழி, கொக்கு, இந்த மூன்றுக்கு மேல் பறவை தெரியாது. கூழைக்கடாவையும் கொக்கு என்பார். ஆனால் விடிகாலை ஐந்தரைக்கு டி.வி.எஸ். வண்டியில் அக்காவைப் பின்னால் வைத்துக் கரையில் கொண்டுபோய் விடுகிறவர் அவர்தான். அவள் பைனாகுலரைத் தூக்கினால், இவர் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து பீடி பற்ற வைப்பார்.

"இன்னா மாமா, ஒரு தபா கூட திரும்பிப் பாக்க மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"அவ பாக்குறால்ல மச்சான். ரெண்டு பேரும் ஏரியப் பாத்தா வூட்ட யாரு பாக்குறது?" என்றார். வீடு அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் டீச்சர் அக்காவை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வேனில் பத்துப் பேர். மலைமேல் காட்டுக்கு நடுவில் ஒரு ஏரியாம், வனத்துறையில் சீட்டு வாங்கித்தான் உள்ளே போக வேண்டுமாம். மூன்று நாள் கழித்து வந்து இறங்கியவளைத் தெருவே சுற்றி உட்கார்ந்து கேட்டது. "ஒரு மணி நேரத்துக்கு ஏழு பறவைடா. நம்ம ஏரியில ஒத்த மரத்துல நாப்பது இருக்கும்" என்று உதட்டைப் பிதுக்கினாள். ஒரு நீலக் குருவியைப் பற்றி மட்டும் கொஞ்சம் மெச்சிக்கொண்டாள். அப்புறம் குரல் மாறிவிட்டது. "ஆனா அங்க ஒருத்தன் பேசல. ஒரு ஃபாரஸ்ட் கார்டு, உன் வயசுதான் இருக்கும், வாயில வெரல வெச்சான். அத்தினி பேரும் கப்சிப். பணக்காரன், படிச்சவன், கொழந்த, எல்லாம். காட்டுல இருக்கிற பறவைக்குத்தான் அந்த மரியாதையா? நம்ம ஏரியில இருக்கிறது இன்னா பாவம் பண்ணுச்சி?"

அவள் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். ஏன் என்னைப் பார்த்தாள் என்று அப்போது எனக்கு நன்றாகவே தெரியும். தெரியாத மாதிரி நாற்காலி எண்ணப் போய்விட்டேன்.

இங்கே வெடிக் கதையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் சுடுகாடு ஏரிக்கரையின் அந்தக் கோடியில் இருக்கிறது. மதகிலிருந்து அரை கிலோமீட்டர். முன்காலத்தில் எங்கள் தெருப் பிணம் கரைமேல் போகக் கூடாது. கரைக்குக் கீழே, வாய்க்கால் சேற்றில்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகை மழையில் இடுப்பளவு தண்ணீரில் போகும்போது ஒருத்தர் கால் வழுக்கி, பாடை சாய்ந்து, செத்துப்போன கிழவி தண்ணீரில் விழுந்துவிட்டாள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. நான் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கு சாமிக்கண்ணு மாமா, அடுத்த பிணம் கரைமேல்தான் போகும் என்று சொன்னார். போயிற்று. ஊர்த்தெருவோடு நடந்த அடிதடியில் மாமாவுக்கு முன்பல் இரண்டு போயிற்று, கேஸ் நடந்தது, ஆபீசர்கள் வந்தார்கள். கடைசியில் கரை எல்லாருக்கும் பொது என்று ஆயிற்று. அதிலிருந்து எங்கள் தெருவில் யார் செத்தாலும் மதகில் ஏறினதும் மேளம் இரண்டு மடங்கு, வெடி மூன்று மடங்கு. செத்தவர் காதுக்கா அது? ஊர்த்தெரு காதுக்கு. நாங்கள் மேலேதான் போகிறோம் என்று தெரிய வேண்டாமா?

அந்த வெடியை விற்கிறவன் நான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பெருமையாகத்தான் விற்றேன்.

மலைக்குப் போய்வந்த மறு வருஷம் தை மாதம், தெருப் பெரியவர் தங்கவேல் காலமானார். நல்ல சாவு, தொண்ணூறு வயது. மதகு தாண்டியதும் பத்தாயிரம் வாலா சரவெடியை விரித்துப் பற்ற வைத்தேன். ஏரிக்குள் வனத்துறை நட்ட கருவேல மரங்களில் அப்போதுதான் நாரைகள் குஞ்சு பொரித்திருந்தன. அத்தனை பறவையும் ஒரே வீச்சில் எழும்பிவிட்டன. பத்து நிமிஷம் வெடித்தது. தாய்கள் மேலேயே சுற்றிக்கொண்டிருக்க, காக்காயும் பருந்தும் காவலில்லாத கூடுகளுக்குள் இறங்கின. பயந்து துடித்த குஞ்சுகள் விளிம்பிலிருந்து தண்ணீரில் விழுந்தன.

சுடுகாட்டிலிருந்து நாங்கள் திரும்பி வரும்போது அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மார்பளவு தண்ணீரில் நின்றிருந்தாள். என் பூக்கூடை ஒன்றை எப்படியோ எடுத்து வந்து, அதில் குஞ்சுகளைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். பதினோரு குஞ்சு. இரண்டுதான் பிழைத்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போயிருப்பேன். "அறுவத்தி நாலு கூடுடா. நேத்து சாயங்காலம் எண்ணுனன்" என்றாள். அவ்வளவுதான். 

அதற்குப் பிறகு வீடு வீடாகப் போய்க் கேட்டாள். தெருவில் வெடிக்கட்டும், ரோட்டில் வெடிக்கட்டும், மார்கழியிலிருந்து பங்குனி வரை மதகு தாண்டி மட்டும் வேண்டாம் என்று. அவள் முகத்துக்கு நேராக யாரும் மறுக்கவில்லை, முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். நேராக மறுத்தது ஒரே ஒருத்தர்தான், அவள் புருஷன்.

"நான் பல்லைக் குடுத்து வாங்குன கரை அது. என் பொணம் அது மேல ஊமையா போவுமா? பத்தாயிரம் வாலா ரெண்டு வெக்கணும். மச்சான், நீதான் வெக்கணும். சொல்லு, வெப்பியா?" என்று என் கடைக்கே வந்து கையை நீட்டினார். அக்காவும் பக்கத்தில்தான் நின்றாள். என்ன செய்வேன்? அவர் கையில் அடித்து, வெப்பேன் மாமா என்றேன். இதை வைத்து அவர்களுக்குள் சண்டை வந்ததா என்றால், ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த ஒரு வாரமும் காலை ஐந்தரைக்கு வண்டி கரைக்கு வந்துகொண்டுதான் இருந்தது.

போன தை மாதம் பொங்கல் கழிந்து ஒன்பதாம் நாள், மாமா போய்விட்டார். நெஞ்சு வலி என்றார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம், மதியம் திரும்பக் கொண்டுவந்தோம். ஐம்பத்தெட்டு வயது சாகிற வயதா? எத்தனையோ பேருக்கு ஃப்ரீசர் பெட்டி கொண்டுபோய் வைத்திருக்கிறேன், அன்றைக்கு அந்தப் பெட்டியின் பிளக்கைச் சொருகக் கை வரவில்லை. மூலக்குளத்தில் கட்டிக்கொடுத்திருக்கிற மகள் சுகன்யா வந்து விழுந்து அழுதாள். அக்கா அழுதது கம்மி. பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் மாமாவின் தம்பி மகன் பாக்யராஜ் பத்துப் பையன்களோடு கடைக்கு வந்தான். "மாமா, பெரியப்பா சொன்னது ஞாபகம் இருக்குதுல்ல? ரெண்டு வாலா. கரை கிழியணும்" என்றான். நான் அக்காவிடம் போனேன். அவளைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"தெருவுல வெடி, ரோட்டுல வெடி, ஊர்த்தெரு முக்குல நின்னு கூட வெடி. எவ்ளோ வேணா வெடி. மதகு தாண்டி ஒண்ணு கூடாது" என்றாள்.

"அது அவுரு ஆசக்கா. என் கையில அடிச்சி வாங்கிகினாரு. நீயும் பாத்த."

"பாத்தன்."

"உன் மனசு இன்னா கல்லா? அந்தக் கொக்கு பெருசா, அவுரு பெருசா?"

கேட்டிருக்கக் கூடாது. இப்போதும் அதை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல் இருக்கிறது. அவள் பெட்டி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "அவுரு பூட்டாருடா. எழுவத்தோரு கூடு உயிரோட இருக்குது. ரெண்டு வாரக் குஞ்சு" என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி பெட்டி பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்குச் சரி என்று தலையாட்டினேன். பாக்யராஜிடமும் வேண்டாம் என்று சொன்னேன். ஆனால் ஊர்வலம் கிளம்பும் நேரத்தில் அவன் என் வேனுக்குள் கையை விட்டு ஒரு வாலாச் சுருளை எடுத்துச் சட்டைக்குள் செருகியதைப் பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. மாமாவுக்குக் கொடுத்த வாக்கு யார் கையாலாவது நிறைவேறட்டுமே என்று ஒரு கோழைத்தனம். அதற்கு வேறு பெயர் கிடையாது.

எங்கள் தெருவில் பெண்கள் பிணத்தோடு தெருக்கோடி வேப்பமரம் வரைதான் போவார்கள். அங்கே மாரடித்து அழுதுவிட்டுத் திரும்பிக் குளிக்கப் போக வேண்டும். பெண்டாட்டியாக இருந்தாலும் அதுதான் எல்லை. பல்லக்கு வேப்பமரத்தைத் தாண்டியது. பெண்கள் எல்லாரும் நின்றார்கள். அக்கா நிற்கவில்லை. பல்லக்குக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தாள்.

"ஏய் தனக்கொடி, எங்க போற? பொம்பள வரக் கூடாது" என்று பின்னாலிருந்து பெரியவர்கள் கூப்பிட்டார்கள். மாமாவின் தம்பி கொள்ளிச்சட்டியோடு நின்று திரும்பிப் பார்த்தார். என்னைத்தான் எல்லாரும் பார்த்தார்கள், கூடப்பிறந்தவன் தடுக்க வேண்டும் இல்லையா? நான் கிட்டப் போனேன். அவள் முகத்தைப் பார்த்தேன். தடுக்கவில்லை. அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

ரோட்டில் வெடி, ஊர்த்தெரு முக்கில் வெடி, காது அடைத்துப் போயிற்று. மதகு வந்ததும் பாக்யராஜ் முன்னால் ஓடிப்போய்க் கரைமேல் வாலாவை உருட்டி விட்டான். சிவப்புப் பாய் விரித்த மாதிரி நீளத்துக்குக் கிடந்தது. கையில் ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது. அக்கா பல்லக்கைத் தாண்டி, மேளத்தைத் தாண்டி, நேராகப் போய் அந்த வாலாமேல் வெறுங்காலோடு ஏறி நடந்தாள். அவசரமே இல்லை. வாலாவின் பாதிக்கு வந்ததும் நின்று அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"பத்த வெக்கிறதுன்னா வையிடா" என்றாள்.

அவன் ஊதுவத்தியைக் கீழே போட்டுக் காலால் தேய்த்தான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அக்கா மேளக்காரர்கள் பக்கம் திரும்பி, "கொஞ்சம் கக்கத்துல வெச்சிகினு வாங்கப்பா. அந்தாண்ட போயி அடிக்கலாம்" என்றாள். அவர்கள் தயங்கி என்னைப் பார்த்தார்கள். நான் தலையசைத்தேன். மேளம் நின்றது.

அரை கிலோமீட்டர். எங்கள் தெரு ஆண்கள் முந்நூறு பேர், அதில் பாதிப் பேர் போதை, ஒருத்தன் பேசவில்லை. அக்கா முன்னால் போனாள், அவள் பின்னால் மாமா பல்லக்கில் போனார், நாங்கள் பின்னால் போனோம். முதல் தடவையாக அந்தக் கரையில் எங்கள் காலடிச் சத்தம் எனக்குக் கேட்டது. மரத்தில் நாரைகள் அலகைத் தட்டுகிற சத்தம் டக டகவென்று கேட்டது. கூட்டில் நின்றிருந்தவை கழுத்தை நீட்டி எங்களைப் பார்த்தன. ஒன்றுகூட எழும்பவில்லை. கீழே வயலில் அரங்கநாதனும் நாலு ஆட்களும் நின்றிருந்தார்கள். வெடிச் சத்தம் வரும் என்று காத்திருந்தவர்கள் போலிருக்கிறது. வரவில்லை என்றதும் வரப்பைவிட்டுக் கரையோரம் வந்து, பல்லக்கு தாண்டும்வரை நின்றார்கள். அரங்கநாதன் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். நான் பார்த்தேன், பாக்யராஜும் பார்த்தான்.

சுடுகாட்டு வாசலில் அக்கா ஒதுங்கி நின்றாள். உள்ளே வரவில்லை. புகை எழும்பும்வரை நின்றுவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனாள்.

அடுத்த மாதம் அரங்கநாதனின் அம்மா இறந்துபோனார். அவர்கள் சுடுகாட்டுக்கும் கரைமேல்தான் பாதி வழி. என்னைக் கூப்பிட்டனுப்பி, "மதகு வரைக்கும்தான வெடி? அதுக்கேத்த மாதிரி கொண்டா" என்றார் அரங்கநாதன். நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமலே சொன்னார். அன்றைக்கும் கரையில் சத்தமில்லை. எழுபத்தோரு கூட்டில் அறுபத்தாறு கூட்டுக் குஞ்சுகள் இறக்கை முளைத்துப் பறந்துவிட்டன என்று மஞ்சுளா டீச்சர் வந்து எண்ணிப் பார்த்துவிட்டு அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

பங்குனியில் ஒரு நாள் காலை கரைப் பக்கம் போனேன். அக்கா தனியாக நடந்து வந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மனசில் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. தெருவில் சில பெண்கள், புருஷன் சாவில் கரைவரைக்கும் போனவள் என்று ஒரு மாதிரிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நீ பறவைக்காகத்தான வந்த. அது தெரியாம இந்தப் பொம்பளைங்க வாய்க்கு வந்தத பேசுறாளுங்கக்கா. நான் போயி நாலு கேள்வி கேக்கட்டுமா?" என்றேன்.

அவள் பைனாகுலரை இறக்கினாள்.

"பறவைக்காகன்னா நான் ஏன்டா வரணும்? உன்னயே அங்க நிக்க வெச்சிருப்பன். நீ பாத்துக்குவன்னு எனக்குத் தெரியாதா?"

எனக்குச் சுருக்கென்றது. வேனுக்குள் கையை விட்ட பாக்யராஜைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"முப்பத்திமூணு வருசத்துல அவுரு வாயத் தொறந்து கேட்டது ஒண்ணே ஒண்ணு" என்றாள் அக்கா. "ரெண்டு வெடி. அத நான் குடுக்கல. குடுக்காம வேப்பமரத்தடியில நின்னு அழுதுட்டு, தலைக்கு ஊத்திகினு வூட்டுக்குள்ள போவ முடியுமா என்னால? அதான் வெடிக்கு பதிலா நானே போனன். போற வரைக்கும் கூடப் போயி விட்டுட்டு வந்தன்."

அவள் குரல் உடைந்து நான் கேட்டது அப்போதுதான்.

"அது அவுருக்குப் போதுமாடா?" என்றாள்.

  அவளிடமிருந்து பைனாகுலரை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டேன்.

"வாலா பத்து நிமிசத்துல தீந்துடும்க்கா. போதும்."